நெட் இணைப்பு இருக்கிறது, எதுவும் திறக்கவில்லை: மேசைக் கணினியில் மட்டும் தொல்லை

நங்கநல்லூர் வாசகி
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு நங்கநல்லூரில், கீழ்த்தளமும் மாடியுமாக. நெட் ஃபைபர் லைன். ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. மேசைக் கணினி பக்கத்து அறையில், லேன் கேபிளில் ஓடுகிறது. விண்டோஸ் 10.

காலையில் கணினியைப் போட்டால் சில நாள் எல்லாம் ஒழுங்காக வருகிறது. சில நாள் கீழ் மூலையில் உலக உருண்டைப் படம் வந்து இணையம் இல்லை என்கிறது. அதே நேரம் என் செல்போனில் வைஃபை நன்றாக ஓடுகிறது. கணினியை அணைத்து அணைத்துப் போட்டால் ஏதோ ஒரு தடவை வந்துவிடும். வந்துவிட்டால் அன்று முழுக்கத் தொல்லை இல்லை.

கம்பெனியிலிருந்து ஆள் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒளி அளவு மைனஸ் 19, லைனில் பழுதில்லை, உங்கள் கணினியில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார். கணினி பார்ப்பவரோ ஃபார்மட் பண்ணி லேன் கார்டையும் மாற்ற வேண்டும் என்கிறார். இந்தக் கணினியில்தான் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பழைய வினாத்தாள்கள் எல்லாம் இதற்குள். ஃபார்மட் இல்லாமல் வழி உண்டா?

பெரம்பூர் பழைய ஆள்
மேடம், டிஎன்எஸ்ஸை கூகுளின் 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். வீட்டு நெட் தொல்லை அதனாலும் வரும். அதற்கும் அசையாவிட்டால் ரவுட்டர் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசி விட்டுப் பத்து விநாடி அழுத்துங்கள். புதுசு மாதிரி ஆகிவிடும்.

அம்பத்தூர் லைன்
மேடம், அந்தக் குண்டூசியை மட்டும் எடுக்காதீர்கள். ரவுட்டரை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் அழுத்துவது வேறு. ரீசெட் செய்தால் கம்பெனிக்காரர் உள்ளே போட்டுவைத்த யூசர் நேம், பாஸ்வேர்டு, உங்கள் வைஃபை பெயர் எல்லாம் அழிந்துபோகலாம். அப்புறம் செல்போனிலும் நெட் இருக்காது. ஆள் வந்து மறுபடி போட்டால்தான் உண்டு. சனிக்கிழமை ராத்திரி இதைச் செய்துவிட்டுத் திங்கள்கிழமைக்காகக் காத்திருக்கும் வீடுகளுக்கு நான் அடிக்கடி போகிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

டிஎன்எஸ்ஸையும் இப்போதைக்கு விடுங்கள். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் வேலை கெட்டிருந்தால் பெரம்பூர் அண்ணா சொல்வது உடனே பலிக்கும். இங்கே அதுதான் கெட்டிருக்கிறதா என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் எது பழைய கோளாறு, எது நாம் புதிதாகப் போட்டது என்றே தெரியாது.

நெட் வராத நேரத்தில், அணைத்துப் போடுவதற்கு முன்னால், ஒன்று செய்யுங்கள். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி சிஎம்டி என்று தட்டினால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் ஐபிகான்ஃபிக் என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஆல் என்று சேர்த்து (ipconfig /all) என்டர் தட்டுங்கள். நீளமாகக் கொட்டும். ஐபிவி4 அட்ரஸ் (கணினியின் முகவரி எண்), டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வழி), டிஹெச்சிபி சர்வர் (முகவரி கொடுப்பவர்), டிஎன்எஸ் சர்வர் ஆகிய நான்கு வரிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்ரஸ் 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க யாரும் வராததால் கணினி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். அப்போது கேபிள், பிளக், ரவுட்டர் போர்ட் பக்கம் பார்க்க வேண்டும். 192.168 என்று தொடங்கினால் அடுத்து பிங். அதே கறுப்புத் திரையில் பிங் (ping) என்று எழுதி, இடைவெளி விட்டு எண்ணையோ பெயரையோ தட்டினால், அங்கிருந்து பதில் வருகிறதா என்று காட்டும். முதலில் கேட்வே எண்ணுக்கு, அப்புறம் 8.8.8.8க்கு, அப்புறம் ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. எந்த இடத்தில் பதில் நிற்கிறது என்று சொல்லுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால்தான் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்பட வேண்டும்.

திரையை செல்போனில் படம் பிடித்துப் போட்டாலும் போதும்.

பெரம்பூர் பழைய ஆள்
அப்படியே லேன் கேபிளின் முனையையும் பாருங்கள் மேடம். அந்தப் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தால் மேசையைத் துடைக்கும்போது லேசாக நகர்ந்துவிடும். உள்ளே எட்டுக் கம்பி. நான்கு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால்கூட 100 எம்பிபிஎஸ் வரை ஓடும், அதனால் கோளாறு இருப்பதே தெரியாது. 200, 300 பிளான் போட்டுவிட்டு கணினியில் 95ஐத் தாண்டவில்லை என்று சொல்பவர்கள் முதலில் கேபிளைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

நங்கநல்லூர் வாசகி
இன்று காலை வரவில்லை. அணைக்காமல் பார்த்தேன்.

ஐபிவி4 அட்ரஸ் 192.168.0.103
கேட்வே 192.168.0.1
டிஹெச்சிபி சர்வர் 192.168.0.1
டிஎன்எஸ் 192.168.0.1

கேட்வேக்கு பிங் போட்டால் எல்லா வரியிலும் பதில் வருகிறது, ஒரு மில்லி விநாடிக்குள். 8.8.8.8க்கு ஒன்றுகூட வரவில்லை. கேபிள் கிளிப் உடையவில்லை.

பெரம்பூர் பழைய ஆள்
அப்படியானால் வீட்டுக்குள் எல்லாம் சரி. ரவுட்டர் பேசுகிறது, வெளியேதான் போகவில்லை. கம்பெனிக்குப் புகார் போடுங்கள்.

தாம்பரம் தம்பி
அண்ணா, லைன் போயிருந்தால் செல்போனிலும் வரக்கூடாதே? மேடம், அந்த நேரத்தில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தீர்களா? வைஃபையில் நெட் இல்லாவிட்டால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். மேலே வைஃபை அடையாளம் இருக்கும், நாம் வைஃபைதான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

நங்கநல்லூர் வாசகி
டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தேன் தம்பி. வைஃபையிலேயே ஓடுகிறது. இதற்குள் கணினியை அணைத்துப் போட்டதில் அதிலும் வந்துவிட்டது. வந்த பிறகு அந்த நான்கு வரிகளை மறுபடி பார்த்தேன். இப்போது அட்ரஸ் 192.168.1.37, கேட்வே 192.168.1.1. காலையில் பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று இருக்கிறது. இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

அம்பத்தூர் லைன்
முழு விஷயமே அதில்தான் இருக்கிறது மேடம். கணினி காலையில் பேசிக்கொண்டிருந்தது உங்கள் ஹால் ரவுட்டரோடு இல்லை. 192.168.0.1 என்று இன்னொரு பெட்டி உங்கள் வீட்டு வயரில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கேட்வே பிங்குக்குப் பதில் தந்தது. அந்தப் பெட்டியிலிருந்து வெளியே போக வழி இல்லாததால் 8.8.8.8 வரவில்லை.

பழைய ரவுட்டர், வைஃபை எக்ஸ்டெண்டர், கேமரா ரெக்கார்டர் என்று ஏதாவது வீட்டில் மாட்டியிருக்கிறதா? தெரியாவிட்டால், நெட் வராத நேரத்தில் பிரவுசரில் 192.168.0.1 என்று தட்டுங்கள். லாகின் பக்கம் வரும். அதில் பெரும்பாலும் கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் இருக்கும்.

நங்கநல்லூர் வாசகி
இருக்கிறது! மாடியில் தங்கை குடும்பம். கீழே இருக்கும் வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று, தங்கையின் வீட்டுக்காரர் தன் பழைய ரவுட்டரை அங்கே வைத்து ஹாலிலிருந்து கேபிள் இழுத்திருக்கிறார். யோசித்தால் இந்தத் தொல்லையே அதற்குப் பிறகுதான். இப்போது அந்தக் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கணினியைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வந்தது. ஆனால் மாடியில் தங்கை மகளுக்கு கல்லூரி வகுப்புகள் உண்டு. அங்கேயும் நெட் வேண்டுமே.

அம்பத்தூர் லைன்
மாடியிலும் வரும். ஏன் இப்படி ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன், தங்கை வீட்டுக்காரருக்கும் காட்டுங்கள்.

கணினி எழுந்ததும் எனக்கு முகவரி யார் தருவீர்கள் என்று வயர் முழுக்கக் கூப்பிடும். ரவுட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி இதை வைத்துக்கொள் என்று ஒன்றைக் கொடுக்கும். கூடவே வெளியே போக வழி இது, பெயர் கேட்க ஆள் இது என்றும் சொல்லும். வீட்டில் கொடுப்பவர் ஒருவர் மட்டும் இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஒரே கியூவுக்கு இரண்டு கவுன்டரில் டோக்கன் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இப்போது ஆகிறது. யாருடைய பதில் முந்துகிறதோ அதை கணினி எடுத்துக்கொள்ளும். ஹால் ரவுட்டர் முந்திய நாள் நெட் வரும். மாடி ரவுட்டர் முந்திய நாள் வராது. செல்போனை நீங்கள் அணைப்பதே இல்லை. கையில் இருக்கும் முகவரிக்குத் தவணை பாதி கழிந்ததும் அதைக் கொடுத்த ரவுட்டரிடமே புதுப்பித்துக்கொள்ளும். அதனால்தான் அது தப்பித்தது.

சரிசெய்ய இரண்டு வழி.

சுலபமானது: மாடி ரவுட்டரில் கேபிளை எந்தத் துளையில் செருகியிருக்கிறார் என்று பாருங்கள். ஒரே மாதிரி நாலு துளைகளில் ஒன்றில்தான் இருக்கும். அதை எடுத்துத் தனி நிறத்தில், வான் (WAN) அல்லது இன்டர்நெட் என்று எழுதியிருக்கும் துளையில் செருகுங்கள். அந்த ரவுட்டரின் செட்டிங்கில் இணைப்பு வகை டைனமிக் ஐபி என்று இருக்க வேண்டும். மாடிக்கும் நெட் வரும், கீழே குழப்பமும் வராது. குறை என்னவென்றால் மாடியும் கீழும் தனித்தனி வீடு போல ஆகிவிடும். கீழ் கணினியிலிருந்து மாடி பிரிண்டருக்கு அனுப்ப முடியாது.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. ஹாலிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு லேப்டாப்பை மட்டும் மாடி ரவுட்டரில் மாட்டுங்கள். 192.168.0.1 பக்கத்துக்குப் போய் லேன் செட்டிங்கில் அதன் எண்ணை 192.168.1.2 என்று மாற்றி சேமியுங்கள். ரவுட்டர் ஒரு தடவை அணைந்து எழும். இப்போது 192.168.1.2 என்று தட்டி உள்ளே போய் டிஹெச்சிபியை அணையுங்கள். இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் அந்தப் பக்கத்துக்கே திரும்பப் போக முடியாமல் திண்டாடுவீர்கள். முடிந்ததும் ஹால் கேபிளை பழைய மாதிரி நாலு துளைகளில் ஒன்றிலேயே செருகுங்கள். செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் பரப்பும் முறை) என்று நேரடியாக இருந்தால் இவ்வளவும் வேண்டாம், அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

இன்னொன்று. ஹால் ரவுட்டர் கொடுக்கும் முகவரிகளின் வரிசை 1.2இலிருந்தே தொடங்கினால் அதை 1.10 என்று தள்ளிவையுங்கள். இல்லாவிட்டால் ஒரே எண் இரண்டு பேருக்குப் போய்விடும்.

நங்கநல்லூர் வாசகி
இரண்டாவது வழியில் தங்கை வீட்டுக்காரர் செய்து முடித்தார். ஆக்சஸ் பாயின்ட் மோட் அதில் இல்லை, நீங்கள் சொன்ன வரிசைப்படியே போனார். மாடியிலும் கீழேயும் ஓடுகிறது. கேட்வே எப்போது பார்த்தாலும் 1.1. ஃபார்மட் செய்ய வரச்சொல்லியிருந்தவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தாம்பரம் தம்பி
இங்கேயே நான் ஒன்று கேட்டுவிடுகிறேன். எனக்கு நெட் அறுவதில்லை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் மெதுவாகிவிடுகிறது. அடுக்குமாடி. மேசைக் கணினிக்கு பின்னால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள். வைஃபை பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்களாக வந்துகொண்டே இருக்கும்.

பெரம்பூர் பழைய ஆள்
தம்பி, டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிப்பதாக இருந்தால் அந்தக் கூட்டத்தில் நசுங்கத்தான் செய்யும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. எல்லா வீடும் இந்த மூன்றுக்குள் அடைந்து கிடக்கிறது. எல்லோரும் வேலை முடிந்து வந்து வீடியோ போடும் நேரம்தான் எட்டு மணி. 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் டாங்கிள் ஒன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். சுவர் தாண்டினால் 5 சீக்கிரம் சோர்ந்துவிடும், அதனால் ரவுட்டர் ஒரு அறைக்கு மேல் தள்ளியிருந்தால் கேபிளே நல்லது.

டாங்கிளை இடம் மாற்றுங்கள். கேபினட்டின் பின்பக்கம் முழுக்கத் தகடு. சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிவிட்டு சிக்னல் வரவில்லை என்றால் எப்படி வரும்? பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருந்தால் இன்னும் மோசம். யுஎஸ்பி 3.0 ஓடும்போது கிளம்பும் இரைச்சல் 2.4 அலைவரிசையில் விழும், இன்டெல்லே 2012இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டாங்கிளை மேசை மேலே கொண்டுவாருங்கள்.

அம்பத்தூர் லைன்
அதோடு, மெதுவாகும் நேரத்தில் லேப்டாப் ஒன்றை லேன் கேபிளில் மாட்டி அளந்து பாருங்கள். கேபிளில் முழு வேகம் வந்தால் வைஃபைதான். கேபிளிலும் குறைந்தால் கம்பெனிப் பக்கம் நெரிசல், டாங்கிள் வாங்கிப் பயனில்லை. உள்நாட்டுத் தளமெல்லாம் ஓடி வெளிநாட்டுத் தளம் மட்டும் இழுத்தால் வேறு கதை. 2025 செப்டம்பரில் செங்கடலில் கடலடி கேபிள்கள் அறுந்தபோது இங்கே பலருக்கும் அப்படித்தான் இருந்தது. அறுந்தவற்றில் ஒன்றான சீ-மீ-வீ 4 நம் சென்னையிலும் கரையேறும் கேபிள்தான். அதற்கெல்லாம் வீட்டு ரவுட்டரை நோண்டி ஒன்றும் ஆகாது.

மந்தைவெளி ஓய்வு ஆசிரியர்
என் பழைய கணினியில் நெட் வருகிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று தடுத்துவிடுகிறது. வங்கித் தளம் திறப்பதே இல்லை. வைரஸ் என்று பயமாக இருக்கிறது.

தாம்பரம் தம்பி
சார், கீழ் மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

மந்தைவெளி ஓய்வு ஆசிரியர்
2012 என்று இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் நேரம் மாறிவிடும், நான் கண்டுகொள்வதில்லை.

தாம்பரம் தம்பி
காரணம் அதுதான் சார். இது உண்மையான தளம்தான் என்று காட்ட ஒவ்வொரு தளத்துக்கும் சான்றிதழ் இருக்கும், அதற்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. உங்கள் கணினி 2012இல் இருப்பதால் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காததாகத் தெரிகிறது. தேதியைச் சரிசெய்தால் இப்போதே திறக்கும். நிரந்தரமாகச் சரியாக, மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி, சிஆர்2032, அதை மாற்றச் சொல்லுங்கள். கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும், விலை கொஞ்சம்தான். எந்தத் தளத்திலும் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகும் பொத்தானை அழுத்தாதீர்கள், வங்கி விஷயத்தில் கூடவே கூடாது.

மந்தைவெளி ஓய்வு ஆசிரியர்
தேதியை மாற்றினேன். எல்லாம் திறக்கிறது. நன்றி தம்பி.

வேளச்சேரி மழை
எங்கள் தெருவில் மழை பெய்தாலே நெட் போய்விடுகிறது. இப்போதும் இல்லை, செல்போனிலிருந்து எழுதுகிறேன். ஃபைபர் பெட்டியில் லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாகக் கண்சிமிட்டுகிறது. கணினியில் ஏதாவது செய்ய முடியுமா?

அம்பத்தூர் லைன்
லாஸ் சிவப்பு என்றால் போதிய ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை. கணினியில் செய்ய ஒன்றுமில்லை. பெட்டிக்குள் வரும் மெல்லிய வயரை மட்டும் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருந்தால் நிமிர்த்திவிடுங்கள். பச்சை முனையைக் கழற்ற வேண்டாம். கழற்ற நேர்ந்தாலும் அந்த முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லேசர் லேசர்தான். குழந்தைகளையும் தள்ளி வையுங்கள்.

மழைக்கு மட்டும் போகிறதென்றால், கம்பத்தில் தொங்கும் ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் போகிறது, அல்லது காற்றில் வயர் இழுபட்டு ஒட்டு தளர்கிறது. ஆள் வந்து பெட்டியை மட்டும் அணைத்துப் போட்டுவிட்டுப் போக விடாதீர்கள். மீட்டரில் எண் காட்டச் சொல்லுங்கள். வீட்டுப் பெட்டிகள் பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை தாங்கும். மைனஸுக்குப் பிறகு வரும் எண் கூடக் கூட ஒளி குறைவு என்று அர்த்தம். மைனஸ் 26 காட்டி, பச்சை எரிகிறதே என்று சொல்லிப் போனால் அடுத்த தூறலில் மறுபடி சிவப்புதான்.

பெரம்பூர் பழைய ஆள்
உங்கள் வீட்டுக்கு ஃபைபர் நேராக வருகிறதே, அதுவே நல்லது. சில இடங்களில் ஃபைபர் மொட்டை மாடி வரைதான். அங்கே ஒரு சுவிட்ச் வைத்து அதிலிருந்து சாதா லேன் கேபிள் இறக்கியிருப்பார்கள். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் அந்த சுவிட்சுக்கு கரண்ட் இல்லாவிட்டால் நெட் இல்லை. இடி இடிக்கும்போது அந்தச் செம்பு வயர் வழியாக லேன் போர்ட் எரிந்துபோகும் ஆபத்தும் உண்டு. அப்படி இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது.

வேளச்சேரி மழை
புகார் கொடுத்தால், சரிசெய்தாகிவிட்டது என்று தாங்களே முடித்துவிடுகிறார்கள் அண்ணா. சிவப்பு அப்படியே இருக்கிறது.

அம்பத்தூர் லைன்
ஒவ்வொரு தடவையும் டாக்கெட் எண், அதாவது புகார் எண், கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிப்படி புகாருக்கு எண் தருவது அவர்கள் கடமை. புகாரை முடித்த விதத்தில் திருப்தி இல்லையென்றால் அந்தக் கம்பெனியிலேயே மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும், அங்கே போகக் கட்டணம் கிடையாது. சிவப்பு விளக்கை நேரம் தெரியும்படி வீடியோ எடுத்து, டாக்கெட் எண்களோடு அனுப்புங்கள். போனில் பேசுவதைவிட இது வேலை செய்யும்.

வேளச்சேரி மழை
மேல்முறையீடு அனுப்பிய பிறகு வேறு ஆள் வந்தார். கம்பத்தில் ஏறிப் பார்த்தால் ஜாயின்ட் பெட்டியின் மூடி ஒருபக்கம் திறந்தே இருந்திருக்கிறது, உள்ளே தண்ணீர், எறும்பு மண். ஒட்டை வெட்டிப் புதிதாகப் போட்டு மூடியை இறுக்கினார். முன்பு மைனஸ் 28, இப்போது மைனஸ் 21.

அம்பத்தூர் லைன்
மைனஸ் 21 நல்ல அளவு. அந்த எண்ணையும் இன்றைய தேதியையும் பெட்டியின் அடியில் ஒட்டிவையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளி அளவு) என்று இருப்பதைப் பாருங்கள். மைனஸ் 23, 24 என்று இறங்கியிருந்தால் சிவப்பு எரியும்வரை காத்திருக்காமல் அப்போதே டாக்கெட் போடுங்கள்.